டெல்டா சாலைக்கு எந்த டயர், எந்த ரிம்? கிராஸ்ஓவர் கார்களின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

காவிரி டெல்டாவில் கிராஸ்ஓவர் (எஸ்யூவிபோல உயர்ந்து நிற்கும்) காரின் டயரைத் தின்பது பள்ளம் அல்ல, மதகு. தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, மயிலாடுதுறை என்று எந்தப் பக்கம் போனாலும் பெரிய சாலையை விட்டு இறங்கியதும் அடிக்கொரு வாய்க்கால், அதன் மேல் ஒரு சிறுபாலம். பாலத்தின் கான்கிரீட் பலகை தன் அஸ்திவாரத்தில் நிற்பதால் இறங்குவதில்லை. அதை ஒட்டிய சாலை களிமண் மேல் கிடக்கிறது. மழையில் ஊறி, கோடையில் வெடித்து, வருடத்துக்கு வருடம் அது அமுங்கிக்கொண்டே போகும். இரண்டு விரற்கடை அமுங்கினாலே போதும், கான்கிரீட் விளிம்பு கத்திபோல நிமிர்ந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த பிறகு இது இன்னும் மோசம். இரவில் எதிரே வரும் வண்டியின் வெளிச்சத்தில் அந்த விளிம்பு கண்ணுக்கே தெரியாது.

ஐம்பது, அறுபதில் போகும்போது சக்கரம் அந்த விளிம்பில் மோதினால் டயரின் பக்கச்சுவர் ரிம்மின் உதட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் நசுங்குகிறது. உள்ளே இருக்கும் நூல் இழைகள் அங்கே அறுந்துபோகும். வெளி ரப்பர் கிழியாது, காற்றும் இறங்காது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பக்கச்சுவரில் கோழிமுட்டையைப் பாதியாக வெட்டி ஒட்டியதுபோல வீக்கம் நிற்கும். அந்த டயருக்கு வைத்தியம் கிடையாது. ஒட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம், மாற்றத்தான் வேண்டும். வீக்கம் வெளிப்பக்கம்தான் வரும் என்பதும் இல்லை. உள்பக்கத்தில் வந்தால், காரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மெல்லச் சுற்றியபடி உள்ளங்கையால் தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

டெல்டாவில் டயர் அளவைப் பற்றிய பேச்சு முழுவதும் இந்த விளிம்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். பக்கச்சுவர் எவ்வளவு உயரம் என்பதே முதல் கேள்வி. ரிம் எவ்வளவு பெரிசு என்பது அதற்குப் பிறகுதான்.

கணக்கு எளிது. 215/60 ஆர்16 என்றால் டயரின் அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 60 சதவீதம், அதாவது 129 மி.மீ., ரிம் 16 அங்குலம். மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர் 258, ரிம் 406.4. கூட்டினால் மொத்த விட்டம் 664 மி.மீ. மாருதி பிரெஸ்ஸா ஓடுவது இந்த அளவில்தான். அழகுக்காக 17 அங்குல அலாய் (அலுமினியக் கலவை) ரிம் மாட்டி 215/55 ஆர்17 போட்டால் விட்டம் 668, ஏறக்குறைய அதேதான். ஆனால் பக்கச்சுவர் 118 ஆகிவிடும். 18 ரிம்மும் 225/45ம் போட்டால் 101 மி.மீ.தான் மிஞ்சும். கார் நின்றுகொண்டிருக்கும்போதே எடையால் அதில் ஒரு பங்கு அமுங்கித்தான் இருக்கும். மதகு விளிம்பில் மோதும்போது மிச்சம் இருக்கும் மெத்தைதான் ரிம்மைக் காப்பாற்ற வேண்டும். "அண்ணே, பதினேழு போட்டா வண்டியே வேற மாதிரி தெரியும்ணே" என்று கடையில் சொல்வார்கள். பார்வைக்கு அது உண்மைதான். ஆனால் போகிற 11 மி.மீ. ரப்பர் எதற்காக அங்கே இருந்தது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

அதனால் இந்தப் பக்கத்துக்கு எங்கள் தீர்ப்பு: ரிம்மைப் பெரிசாக்காதீர்கள், முடிந்தால் ஒரு அங்குலம் சின்னதாக்குங்கள்.

கியா செல்டோஸின் மேல்வகைகளில் 215/55 ஆர்18 வந்தது. விட்டம் 694, பக்கச்சுவர் 118. அதே காரின் மற்ற வகைகளில் இருக்கும் 215/60 ஆர்17க்கு இறங்கினால் விட்டம் 690 ஆகிறது. நான்கு மி.மீ.தான் குறைவு, ஆனால் பக்கச்சுவர் 129. இதைவிட லாபமான மாற்றம் வேறில்லை. ஹூண்டாய் கிரெட்டாவில் 215/60 ஆர்17, 205/65 ஆர்16 என்று கம்பெனியே இரண்டு அளவு கொடுத்திருக்கிறது. இரண்டாவதன் விட்டம் 673, பக்கச்சுவர் 133. உயரம் எட்டு மி.மீ. குறையும், ஸ்பீடோமீட்டர் 2.5 சதவீதம் கூட்டிக் காட்டும், அதனால் ஆபத்து ஒன்றும் இல்லை. விட்டமும் குறையக் கூடாது, சுவரும் உயர வேண்டும் என்பவர்களுக்கு 215/65 ஆர்16 பொருந்தும்: விட்டம் 686, சுவர் 140. ரெனோ டஸ்டர் ஓடிய அளவு இது. ஆனால் கிரெட்டாவுக்குக் கம்பெனி குறித்த அளவு அல்ல என்பதால் வாரண்டியோ இன்சூரன்ஸ் க்ளெய்மோ வரும்போது கேள்வி எழலாம். அதே மாடலின் இன்னொரு வகைக்குக் கம்பெனி கொடுத்த அளவுக்குள் நிற்பதுதான் எப்போதும் நிம்மதி. இறங்கும்போது 16 ரிம் முன் பிரேக் காலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) உரசாமல் சுற்றுகிறதா என்று டயர் ஏற்றுவதற்கு முன்பே வெறும் ரிம்மை மாட்டிப் பார்த்துவிட வேண்டும். டர்போ வகைகளில் டிஸ்க் பெரிசாக இருக்கலாம்.

2017இல் வந்த டாடா நெக்ஸானின் கீழ்வகைகளில் 195/60 ஆர்16 இருந்தது, மேல்வகைகளில் 215/60 ஆர்16. முதலாவதில் சுவர் 117 மி.மீ.தான். தேய்ந்து மாற்றும் நேரத்தில் 215/60க்கு ஏறுவது நல்ல முடிவு. விட்டம் 640லிருந்து 664 ஆகும், கார் 12 மி.மீ. உயரும்.

விட்டம் கூடினால் உயரம் அதில் பாதிதான் கூடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிரெஸ்ஸாவில் 215/65 ஆர்16 போட்டால் விட்டம் 21 மி.மீ. கூடும், தரைக்கும் காருக்கும் இடைவெளி சுமார் 11 மி.மீ.தான் கூடும். பதிலுக்கு ஸ்பீடோமீட்டர் 3 சதவீதம் பின்தங்கும். 80 காட்டும்போது கணக்குப்படி 82, 83. கியர் கொஞ்சம் நீளும், முழுச் சுமையோடு பாலம் ஏறும்போது இழுவை மந்தமாவது தெரியும். கம்பெனி கொடுத்த இரு அளவுகளுக்கு இடையில் மாறுவது வேறு விஷயம். அதற்கு வெளியே போவதானால் விட்ட வித்தியாசம் 2 சதவீதத்துக்குள் நிற்கட்டும். நான்கு சக்கரமும் ஒரே அளவில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஏபிஎஸ்ஸும் (பிரேக் பூட்டாமல் காப்பது) இஎஸ்சியும் (கார் வழுக்காமல் காப்பது) தவறாகக் கணக்குப் போடும்.

அகலத்தைப் பொறுத்தவரை டெல்டா மழைக்கு ஒடுக்கமான டயரே நல்லது. தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையானாலும் சரி, சீர்காழி வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைப் பாதையானாலும் சரி, நிலம் தட்டையாக இருப்பதால் தண்ணீர் ஓடாது, தேங்கும். அகல டயர் அந்தத் தண்ணீரை ஒதுக்க முடியாமல் அதன்மேல் ஏறி மிதக்கும். ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிட்டால் அதுதான் நடந்திருக்கிறது. காற்றழுத்தமும் இதில் சேர்த்தி. விமான டயர்களுக்கு நாசா வகுத்த பழைய கணக்கைத் தோராயமாகக் காருக்கு வைத்துப் பார்த்தால், பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் மேடுகள்) தேய்ந்த டயர் 33 பிஎஸ்ஐயில் 95 கிலோமீட்டர் வேகத்திலும் 26 பிஎஸ்ஐயில் 85 வேகத்திலும் மிதக்கத் தொடங்கும். காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று மழைக்காலத்தில் குறைப்பவர்கள் நேர்மாறானதைச் செய்கிறார்கள். சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மி.மீ. வரை ஓட்டலாம். எங்கள் கணக்கில் 3 மி.மீ.க்கு வந்த டயர் ஐப்பசிக்கு முன் கழன்றுவிட வேண்டும்.

ஏடி டயர், அதாவது முரட்டுப் பட்டன் டயர், வயல்பக்கம் போகிறவர்களுக்கு உதவும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. வண்டல் களிமண் நனைந்தால் எந்தப் பட்டனிலும் அப்பிக்கொள்ளும், இரண்டு சுற்றில் அது மொட்டை டயர்தான். முன்சக்கர இழுவைக் கிராஸ்ஓவரை நனைந்த களிமண் வரப்புப் பாதையில் இறக்கவே கூடாது. நேராக ஓடும் அகலமான வடிகால் பள்ளங்கள் கொண்ட, தார்ச் சாலைக்கான சாதாரண ஹெச்டி (ஹைவே டெரெய்ன்) டயர்தான் இங்கே வேலைக்கு ஆகும். இரைச்சலும் குறைவு. அறுவடைக் காலத்தில் சாலையில் காயும் நெல்லிலும் வைக்கோலிலும் எந்த டயருக்கும் பிடிப்பு இருக்காது. அங்கே வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

டயரில் அளவுக்குப் பின்னால் வரும் எண்ணையும் பார்த்து வாங்க வேண்டும். 95ஹெச் என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும், 210 கிலோமீட்டர் வேகம் வரை பொறுக்கும். 96 என்றால் 710 கிலோ, 91 என்றால் 615, 89 என்றால் 580. காரோடு வந்த எண்ணை விடக் குறைவானதை விலைக்காக வாங்கக் கூடாது. ஐந்து பேரும் இரண்டு மூட்டை அரிசியும் ஏறும் கார்கள் இவை. தயாரிப்புத் தேதி நான்கு இலக்கத்தில் இருக்கும்: 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறு மாதத்துக்குள் செய்ததைக் கேட்டு வாங்கலாம். ஐந்தாறு வருடம் ஆகிவிட்டால் பட்டன் இருந்தாலும் மாற்றிவிடுவது நல்லது, ஏனென்றால் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் வந்திருக்கும்.

வெளியில் ரிம் வாங்குவோர் நான்கு எண்களை எழுதி எடுத்துக்கொண்டு போக வேண்டும். போல்ட் வட்டம் (போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம்), நடு ஓட்டை, ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து காரில் உட்காரும் முகம் தள்ளி இருக்கும் தூரம்), ரிம் அகலம். கிரெட்டா, செல்டோஸ், பிரெஸ்ஸா எல்லாம் ஐந்து போல்ட், 114.3 மி.மீ. வட்டம். அதனால் ஒன்றின் ரிம் இன்னொன்றுக்கு மாட்டிவிடும் போலத் தோன்றும். ஆனால் ஹூண்டாய், கியாவின் நடு ஓட்டை 67.1 மி.மீ., மாருதிக்கு 60.1. நட்டும் வேறு: முன்னதில் 12 மி.மீ. தடிமனுக்கு 1.5 மி.மீ. இடைவெளி மரை, மாருதியில் 1.25. மாற்றி முறுக்கினால் மரை அழிந்துபோகும். வெளி ரிம்களின் நடு ஓட்டை பெரும்பாலும் 73.1. கிரெட்டா ஹப்பில் (சக்கரம் உட்காரும் அச்சு முனை) மாட்டினால் சுற்றிலும் 3 மி.மீ. காலியாக இருக்கும். அந்த இடத்துக்கு 73.1க்கு 67.1 ஹப் வளையம் போடாவிட்டால், எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் 80, 90 வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கிக்கொண்டே இருக்கும். வளையம் சில நூறு ரூபாய்தான். இதைப் பற்றிக் கடைக்காரர் தானாகச் சொல்வது அபூர்வம் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

ஆஃப்செட் கணக்கு இப்படி. 6.5ஜே (6.5 அங்குல) அகலம், ஈடி45 (ஆஃப்செட் 45 மி.மீ.) ரிம்மை எடுத்துவிட்டு 7ஜே, ஈடி40 போட்டால் அகலத்தால் 6 மி.மீ.யும் ஆஃப்செட்டால் 5 மி.மீ.யும் சேர்ந்து சக்கரம் 11 மி.மீ. வெளியே வரும். வீல் பேரிங்குக்குச் சுமை கூடும், சேறு கதவு முழுக்கத் தெறிக்கும். டயரை மாட்டியதும் ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதாக ஒடித்து, ஸ்ட்ரட்டுக்கும் (சஸ்பென்ஷன் தண்டு) டயருக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். பின்னால் மூன்று பேரை உட்கார வைத்து வேகத்தடை ஒன்றில் மெல்ல ஏறி இறங்கினால் வீல் ஆர்ச்சில் உரசுவது காதில் விழும்.

அலாயா, இரும்பு ரிம்மா? ஆற்றங்கரைச் சாலைகளிலேயே ஓடும் காருக்கு இரும்பு ரிம் வெட்கப்பட வேண்டிய பொருள் அல்ல. அடி விழுந்தால் வளையும், வளைந்ததை நிமிர்த்தலாம். அலாய் வெடிக்கும். வெடித்ததை வெல்டிங் வைத்து ஓட்டுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று வேறு சேர்ந்துகொள்கிறது. அலாயின் பூச்சு பெயர்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி பூத்து, டயர் உட்காரும் விளிம்பு வரை பரவும். வாரம் 4, 5 பிஎஸ்ஐ இறங்குகிறது, பஞ்சரும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் சோப்புத் தண்ணீரை ரிம்மின் உள்விளிம்பைச் சுற்றி ஊற்றிப் பாருங்கள். நுரை அங்கேதான் கொப்பளிக்கும். டயரைக் கழற்றி, விளிம்பைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, பீட் சீலர் (கசிவை அடைக்கும் பசை) தடவி மாட்டினால் சரியாகும். இரும்பு ரிம்மிலும் துரு இதே வேலையைச் செய்யும். புது டயர் போடும் ஒவ்வொரு முறையும் ரப்பர் வால்வையும் மாற்றிவிட வேண்டும்.

சீமைக் கருவேல முள் தனி வகை. குத்தி, முனை உள்ளே முறிந்து, பத்து நாளைக்கு மெதுவாகக் காற்றைக் கசியவிடும். பட்டன் பகுதியில் என்றால் ஒட்டலாம், பக்கச்சுவரில் என்றால் கூடாது.

காற்று எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கிறது. காலையில், கார் ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டும். கத்திரி வெயிலில் டயர் வெடிக்கும் என்று பயந்து 28க்கு இறக்கி ஓட்டுகிறவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். சூடு வருவது காற்று அதிகமாக இருப்பதால் அல்ல, குறைந்த காற்றில் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிர்வதால். டயரைப் பிய்ப்பது அந்தச் சூடுதான். மதகு விளிம்பில் நசுங்குவதும் 28இல்தான் அதிகம்.

அலைன்மென்ட்டை மார்கழியில், மழை விட்டதும் ஒருமுறை கட்டாயம் பார்க்க வேண்டும். உள்பக்கப் பட்டன் மட்டும் தேய்ந்திருந்தால் டோ (சக்கரங்கள் நேராக நிற்கும் கோணம்) விலகியிருக்கலாம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாக இருந்தால் காற்று குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போடலாம். இரண்டு டயர்தான் வாங்க முடிகிறது என்றால் புதியது பின்னால் போகட்டும். முன்னிழுவைக் கார்தானே, முன்னால் போடு என்பார்கள். மழையில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும்.

கடையிலிருந்து கிளம்பும் முன் நட்டுகளை டார்க் ரெஞ்சால் முறுக்கச் சொல்லுங்கள். கிரெட்டாவுக்கு 11 முதல் 13 கிலோகிராம்-மீட்டர், மற்றவற்றுக்கு அந்தந்தக் கையேட்டில் இருக்கும். காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிட்டால், நடுராத்திரி ஒரு வாய்க்கால் கரையில் காரோடு வந்த ஸ்பேனரால் அதைக் கழற்ற முடியாது. புது ரிம் என்றால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். வெளி அலாய்க்கு நீள நட்டு வாங்கியிருந்தால் ஸ்டெப்னி இரும்பு ரிம்முக்கும் அது உட்காருகிறதா என்று அங்கேயே ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுங்கள். உட்காரவில்லை என்றால் பழைய நட்டு ஐந்தையும் துணியில் சுற்றி ஸ்டெப்னிக் குழிக்குள்ளேயே போட்டு வையுங்கள்.