ஆறு வருட ரிஃப்ராக்டோமீட்டர்

பீர் தயாரிப்புப் படிக்கப் போகிற நண்பன் போனில் கேட்டான்: "மாப்ளே, ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கட்டுமா?" திரவத்தில் சர்க்கரை எவ்வளவு என்று காட்டும் கருவி அது. நேரம் பார்த்துக் கேட்டான். அன்றைக்குக் காலையில்தான் என்னுடையதன் திருகு துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. எங்கள் ஊர் சாயல்குடியின் கடற்காற்று அப்படி.

பெங்களூருவில் தொழில் பழகியபோது இதைக் கொண்டாடாத நாளில்லை. மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டருக்கு ஒரு ஜாடி வோர்ட் (நொதிக்காத இனிப்பு மால்ட் சாறு) வேண்டும், அதுவும் ஆற வேண்டும். இதற்கு இரண்டு சொட்டு போதும். மூடிவிட்டு வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால், நீலமும் வெள்ளையும் சேரும் கோடு 12 பிரிக்ஸில், அதாவது நூற்றுக்குப் 12 பங்கு சர்க்கரையில், நிற்கும்.

நொதித்த பிறகுதான் புத்தியைக் காட்டும். 12-ல் தொடங்கிய பீர் 6-லேயே நிற்க, ஈஸ்ட் செத்துவிட்டது என்று பதறினேன். மூத்தவர் ஒருவர் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டார்: அடர்த்தி 1.012. பீர் எப்போதோ ஆகிவிட்டிருந்தது! ரிஃப்ராக்டோமீட்டர் அளப்பது ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை. ஆல்கஹாலும் ஒளியை வளைப்பதால் அதையும் சர்க்கரைக் கணக்கில் சேர்த்துவிடுகிறது. திருத்த ஒரு சூத்திரம் உண்டு, சரி, போகட்டும்.

ஊரில் சித்தப்பாவின் பதநீரிலும் இதே கூத்து. சுண்ணாம்பு குறைந்த கலயம் புளிக்க ஆரம்பித்ததை அவர் நாக்கில் வைத்ததும் சொல்லிவிடுவார். ரிஃப்ராக்டோமீட்டரோ அப்போதும் ஏறக்குறைய காலையில் காட்டிய எண்ணையே காட்டும். 1987 முதல் கள்ளுக்குத் தடை; புளித்ததைக் காய்ச்சினாலோ கருப்பட்டி இறுகாது. அந்தக் கலயம் நஷ்டம்தான்.

ஆனால் என்னைப் படுத்தி எடுப்பது பூஜ்ஜியம். வாலைவடிநீர் (காய்ச்சி வடித்த நீர்) விட்டு, கோடு பூஜ்ஜியத்தில் நிற்கும்படி திருகிச் சரிசெய்ய வேண்டும். நான் சோம்பேறித்தனமாக போர் தண்ணீரை விட்டேன். எங்கள் ஊர் போர் தண்ணீரில் உப்பு உண்டு, உப்பும் ஒளியை வளைக்கும். அப்புறம் பார்த்ததெல்லாம் அரை பிரிக்ஸ் குறைவு. "நேத்து 13, இன்னிக்கு பன்னெண்டரை. பனை அதே பனைதானடா?" என்றார் சித்தப்பா. இப்போது பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை வாங்கி வைத்திருக்கிறேன். அளப்பதும் விடியற்காலையில்தான். கருவியே செய்துகொள்ளும் வெப்பத் திருத்தம் 30 டிகிரி வரைக்கும்தான். சித்திரை மதியத்தில், அடுப்புப் பக்கத்தில், எந்த எண்ணையும் நம்ப மாட்டேன்.

நண்பனிடம் வாங்காதே, ஹைட்ரோமீட்டரே போதும் என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் உன்னுடையதைக் கொடு என்றான். தேங்காய் எண்ணெய் போட்டுத் திருகை இளக்கிக்கொண்டிருந்தேன், தரமுடியாது என்றேன்.