“தேனீயை உயிரோடு எடுத்துத் தருகிறோம்” என்று வருபவர்களிடம் ஜாக்கிரதை! எங்களுக்கு 12,000 போச்சு

கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் செயலி ஒன்று, பெயர் வேண்டாம், எங்களை நன்றாக ஏமாற்றிவிட்டது.

கிராமத்துப் பழைய வீட்டை விற்கப் பார்க்கிறோம். மாடிச் சுவர் விரிசலுக்குள் பல வருஷமாகத் தேனீக்கூட்டம் ஒன்று குடியிருந்தது. எங்களையோ நாய்களையோ அது ஒன்றும் செய்ததில்லை. ஆனால் வீடு கேட்டு வந்தவர், தேனீயை எடுத்தால்தான் முன்பணம் என்றுவிட்டார். கொல்ல மனசு வரவில்லை. அதனால்தான் உயிரோடு பெட்டிக்கு மாற்றித் தருவதாகப் போட்டிருந்த இவர்களைக் கூப்பிட்டோம். 12,000, முழுவதும் முன்கூட்டியே.

வந்தவரைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள். தேனீப் பெட்டி, முகவலை, புகை போடும் கருவி எல்லாம் இருந்தது. சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “நல்ல பலமான கூட்டம்ணே, ராணியைப் பிடிச்சுப் பெட்டியில விட்டா மத்ததெல்லாம் பின்னாடியே வந்துரும்” என்றார். தேனீப் புழு இருக்கும் தேனடையை அறுத்துப் பெட்டிக்குள் இருக்கும் மரச்சட்டத்தில் நூலால் கட்டுவாராம், நூல்கண்டைக்கூட எடுத்துக் காட்டினார். அந்த நூல்கண்டுதான் என்னை நம்ப வைத்தது. பாவி! அப்புறம், கொட்டும், நாய்களைக் கட்டிவிட்டு எல்லாரும் வெளியே இருங்கள் என்றார். வேலையைத் தொடங்க ஓடிபி கேட்டார், கொடுத்தேன். இருட்டியபின் மூடிய பெட்டியோடு இறங்கி வந்து, விரிசலைச் சிமெண்ட் வைத்துப் பூசியாச்சு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

விடிந்து பார்த்தால் சுவரடியில் செத்த தேனீக் குவியல், பூச்சிமருந்து வாடை. சின்ன நாய் அதை நக்கிவிட்டு வாந்தி எடுத்து, வாயில் நுரை தள்ளி, மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துவிட்டது.

அடையை அந்த ஆள் தொடவே இல்லை, மருந்தை அடித்து ஓட்டையை அடைத்திருக்கிறார். தேனீ உயிரோடு இருக்கும்வரை இறக்கையால் விசிறிக் கூட்டின் நடுப்பகுதியை 35 டிகிரிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும், எறும்பையும் அந்துப்பூச்சியையும் அண்டவிடாது. அதைக் கொன்றுவிட்டு அடையை மட்டும் விட்டுவைத்தால்? வெயிலில் மெழுகு இளகிச் சுவரில் தேன் கசிகிறது, உள்ளே புழு அழுகி நாற்றம், எறும்பு வேறு சாரை சாரையாக. வாங்க வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு படியோடு திரும்பிவிட்டார், இப்போது போனையே எடுப்பதில்லை.

அந்த ஆளைக் கேட்டால், “பெட்டி தோட்டத்துல பத்திரமா இருக்குண்ணே, போட்டோ அனுப்புறேன்.” எந்தப் போட்டோ? இன்றுவரை வரவில்லை. செயலியில் எழுதினால், தங்கள் புகார் பதிவாகியுள்ளது, 48 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம். அதே வாசகம் திரும்பத் திரும்ப. ஒருவழியாக மனுஷக் குரல் ஒன்று கிடைத்தது, அந்த அம்மா சொன்னது: “சார், வேலை முடிஞ்சதுன்னு நீங்களே ஓடிபி குடுத்திருக்கீங்க, பணம் திரும்பாது.” வந்த செய்தியில் வெறும் எண்தான் இருந்தது, வேலை முடிந்ததற்கான எண் என்று ஒரு சொல் இல்லை! 12,000 கொடுத்துச் சுவரை நாறடித்துக்கொண்டோம். சுவரை இடித்துக் கட்டும் செலவு தனி.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், சத்தியமாகப் பொறுமை இல்லை. பெட்டிக்குள் உயிரோடு தேனீயையும் அறுத்த அடையையும் கண்ணால் பார்க்காமல் பணமோ ஓடிபியோ கொடுக்காதீர்கள். தள்ளி நின்றாவது வீட்டு ஆள் ஒருவர் பார்க்கட்டும். மருந்து அடித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அடை முழுவதையும் வெளியே எடுத்தே ஆக வேண்டும், அந்தத் தேனை வாயில் வைக்காதீர்கள், மற்ற தேனீக்கள் திருடித் தின்னாதபடி மூடிப் புதைத்துவிடுங்கள். செத்த தேனீயைக் கூட்டி அள்ளும்வரை நாயை அவிழ்க்கவே வேண்டாம்.