பேல் மூன்: படம் ஓடாது, பட்டன் இடம் மாறாது

பல வருடங்களாக என் கணினியில் முதன்மை உலாவி பேல் மூன்தான். திரையை எட்டிப் பார்ப்பவர்கள் "இது என்ன, பழைய ஃபயர்ஃபாக்ஸா?" என்று கேட்பார்கள். பாதி சரி. 2009-இல் எம்.சி. ஸ்ட்ரேவர் என்பவர் ஃபயர்ஃபாக்ஸின் மூலநிரலை எடுத்து, விண்டோஸில் வேகமாக ஓடும்படி தொகுத்துக் கொடுத்ததில் தொடங்கியது இது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தனிக்குடித்தனம் போய்விட்டது. 2016-இல், பக்கங்களைத் திரையில் வரையும் ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோ எஞ்சினிலிருந்து கிளைத்த கோவானா வந்தது. இன்று குரோமின் குளோனும் இல்லை, ஃபயர்ஃபாக்ஸின் நிழலும் இல்லை.

பேல் மூனுக்கு வந்த பலரைப் போல என்னையும் இங்கே தள்ளியது ஃபயர்ஃபாக்ஸின் முகமாற்றம்தான். 2014 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸ் 29 ஆஸ்ட்ராலிஸ் என்ற புதுத் தோற்றத்தோடு வந்தது. டேப்கள் வளைந்தன, மூன்று கோடு மெனு வந்தது. அதுகூடப் பரவாயில்லை. கீழே இருந்த ஆட்-ஆன் பட்டை காணாமல் போனது, டேப்களை முகவரிப் பட்டைக்குக் கீழே வைக்கும் வசதி போனது. கை பழகிய இடங்களெல்லாம் கலைந்தன. 2017 நவம்பரில் 57-ஆம் பதிப்பில் ஃபோட்டான், 2021 ஜூனில் 89-ஆம் பதிப்பில் புரோட்டான் என்று அடுத்தடுத்து வேறு முகங்கள். 57-இல் பழைய எக்ஸ்டென்ஷன்களையும் (உலாவியோடு நாம் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள்) மொத்தமாகக் கைவிட்டார்கள்.

பேல் மூனில் இவை எதுவும் நடக்கவில்லை. அதன் முகப்பே ஸூல் என்ற மொழியில் எழுதப்பட்டது. எக்ஸ்டென்ஷனும் அதே மொழியில் இருப்பதால் உலாவியின் எந்த மூலையையும் அதனால் மாற்ற முடியும். மற்ற உலாவிகளின் இன்றைய எக்ஸ்டென்ஷன்களுக்கு ஒதுக்கப்பட்ட சின்னக் கூடத்துக்குள்தான் புழங்க அனுமதி. என் பேல் மூனில் கீழே நிலைப்பட்டை இருக்கிறது, டேப்கள் நான் வைத்த இடத்தில் இருக்கின்றன. எழுத்துரு அமைப்பில் தமிழுக்கென்று தனியாக ஓர் எழுத்துருவையும் அளவையும் கொடுத்து வைத்திருக்கிறேன். (இந்த வசதி ஃபயர்ஃபாக்ஸிலும் உண்டு, பலர் அந்தப் பக்கம் போவதே இல்லை.) எத்தனையோ அப்டேட்கள் வந்துவிட்டன. எதையும் தேட வேண்டியிருக்கவில்லை.

இதைப் பழமை மோகம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உலாவியில் ஒரு நாளைக்குப் பல மணி நேரம் வேலை செய்பவனுக்குப் புதுப் பொலிவால் என்ன லாபம்? மாற்றம் வேண்டும் என்று நான் கேட்டால் மாறட்டும்.

அடுத்தது டி.ஆர்.எம்., அதாவது நகல் தடுப்புப் பூட்டு. ஸ்ட்ரீமிங் தளங்களின் படங்கள் பூட்டிய வடிவில்தான் வந்து சேரும். அந்தப் பூட்டைத் திறக்க உலாவிக்குள் ஒரு மூடிய நிரல் உட்கார்ந்திருக்க வேண்டும். பரவலாகப் புழங்குவது வைட்வைன். 2010-இலிருந்து கூகுளின் சொத்து. அதன் உள்ளே என்ன நடக்கிறதென்று உலாவியை எழுதியவருக்கும் தெரியாது. அந்த நிரலோடு வலைப்பக்கம் பேசுவதற்கான தரம்தான் இ.எம்.இ. ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொஸில்லா 2014-இல் மனமில்லாமல் இதற்குச் சம்மதித்து, 2015 மே மாதம் ஃபயர்ஃபாக்ஸ் 38-இல் அடோபியின் நிரலோடு சேர்த்தது. 2017 செப்டம்பர் 18 அன்று, வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதை அதிகாரபூர்வ வலைத்தரமாக அறிவித்தது. வாக்கெடுப்பில் ஆதரவு 58.4 சதவீதம், எதிர்ப்பு 30.8. பூட்டிலுள்ள ஓட்டைகளை ஆராய்பவர்கள் மீது வழக்குப் போடமாட்டோம் என்ற உறுதிமொழியையாவது சேருங்கள் என்று கேட்டுப் பார்த்த, இணைய உரிமைகளுக்காகப் போராடும் இ.எஃப்.எஃப். அமைப்பு, அன்றே டபிள்யூ3சியை விட்டு வெளியேறியது.

பேல் மூன் இ.எம்.இ.யைச் சேர்க்கவே இல்லை. ஆகவே நெட்ஃப்ளிக்ஸ், பிரைம் வீடியோ போன்றவற்றின் படங்கள் இதில் ஓடாது. சேர்க்க ஆசைப்பட்டாலும் சுலபமில்லை: வைட்வைனுக்குக் கூகுளிடம் உரிமம் வாங்க வேண்டும். 2019-இல் திறமூல உலாவி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்த ஒருவர் மாதக்கணக்கில் காத்திருந்தும் மறுப்புத்தான் கிடைத்தது. ஒரு உலாவி சந்தைக்கு வரலாமா என்பதைப் போட்டி உலாவிக்காரர் தீர்மானிக்கும் நிலை இது.

இதில் ஒரு முரணும் இருக்கிறது. மற்ற உலாவிகள் தூக்கியெறிந்த பழைய பிளக்இன்களை பேல் மூன் விட்டு வைத்தது. மைக்ரோசாஃப்ட் 2021-இல் கைவிட்ட வீடியோ பிளக்இன் சில்வர்லைட்டும் அதில் அடக்கம், அதற்குள்ளும் டி.ஆர்.எம். உண்டு. ஆனால் அது வெளியிலிருந்து நாமே நிறுவுவது, வேண்டாமென்றால் நீக்கிவிடலாம். உலாவியோடு ஒட்டிப் பிறந்ததல்ல. எனக்கு இந்த வேறுபாடு நியாயமாகப் படுகிறது. ஃபயர்ஃபாக்ஸிலும் டி.ஆர்.எம்.மை அணைக்க ஒரு தேர்வுப்பெட்டி உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நடைமுறையில் இதனால் எனக்குப் பெரிய இழப்பு இல்லை. படம் பார்க்க டிவி இருக்கிறது, அவசரமென்றால் இன்னொரு உலாவி இருக்கிறது. யூடியூபின் சாதாரண வீடியோக்களுக்கு இந்தப் பூட்டு இல்லை.

உண்மையான விலை வேறு இடத்தில். வலை முழுக்க குரோமை மனதில் வைத்தே எழுதப்படுகிறது. புது ஜாவாஸ்கிரிப்ட் வசதி ஒன்று வந்ததும் தளங்கள் அதைப் பயன்படுத்திவிடும். பேல் மூனின் சிறிய குழு அதைச் சேர்த்து முடிக்கும்வரை பக்கம் வெள்ளையாக நிற்கும். நான் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் தளம் ஒருநாள் திடீரென்று உள்ளே விடாது, சில மாதம் கழித்து ஒரு அப்டேட்டில் விடும். "நீங்கள் மனிதர்தானா" என்று சோதிக்கும் பக்கங்கள் சிலவற்றில் பெட்டியை டிக் செய்தால் அதே பக்கம் மறுபடி வரும். உலாவியிலிருந்தே அழைக்க உதவும் வெப்ஆர்.டி.சி. நுட்பம் இல்லாததால் வீடியோ அழைப்பும் இல்லை. எல்லா டேப்களும் ஒரே புராசஸில் ஓடுவதால், கனமான ஒரு பக்கம் திணறினால் மொத்த உலாவியும் திணறும். இப்போது என் வழக்கம்: வாசிப்பு, தேடல், மின்னஞ்சல் பேல் மூனில், பணம், அரசுப் படிவம், அழைப்பு வேறொன்றில்.

இந்தத் திட்டத்தின் குணமும் சாதுவானதல்ல. 2018-இல், தளங்களின் ஸ்கிரிப்ட்களை ஓடவிடாமல் தடுக்கும் நோஸ்கிரிப்ட் எக்ஸ்டென்ஷனைத் தடைப்பட்டியலில் சேர்த்தார்கள். அது தளங்களை உடைக்கிறது, புகார் எங்களிடம் வருகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். பயனர் அதை மீறிக்கொள்ளலாம்தான். ஆனாலும் "உன் உலாவி, உன் விருப்பம்" என்று பேசும் இடத்திலிருந்து வந்தபோது கசந்தது. டி.ஆர்.எம். விஷயத்தில் இருக்கும் அதே பிடிவாதம்தான் இங்கேயும். நம் பக்கம் நிற்கும்போது மட்டும் அதற்குக் கொள்கை என்று பெயர்.

புதிதாக நிறுவப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். 2019 ஜூலையில், பழைய பதிப்புகளை வைத்திருந்த அவர்களுடைய சேமிப்பு சர்வருக்குள் யாரோ புகுந்து, 27.6.2 வரையிலான கோப்புகளில் மால்வேரைக் கலந்திருந்தது வெளியே வந்தது. முதன்மைப் பதிவிறக்க வழி பாதிக்கப்படவில்லை, அவர்களே வெளிப்படையாக அறிவித்தார்கள். அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் இறக்குங்கள், கூடவே தரப்படும் ஹாஷ் எண்ணோடு (கோப்பு மாறினால் இதுவும் மாறிவிடும்) ஒப்பிட்டுவிட்டு நிறுவுங்கள். பழைய எக்ஸ்டென்ஷன்களை எங்கிருந்தோ எடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும், அவற்றுக்கு உலாவியின் எந்த மூலைக்கும் போக உரிமை உண்டு.