மடிக்கணினிக்குள் டிவிடி டிரைவ் வேண்டாம், வீட்டில் ஒன்று வேண்டும்

கொழிஞ்சாம்பாறையில் நான் நடத்தும் ஜெராக்ஸ், டிடிபி கடைக்குப் புது லேப்டாப் வாங்கும் யோசனையோடு வருகிறவர்கள், விலையையும் பேட்டரியையும் விசாரித்து முடித்த பிறகு, ‘இதுல சிடி போட எடமே இல்லீங்களே, பரவாயில்லீங்களா?’ என்று தவறாமல் கேட்கிறார்கள். ‘இப்ப யாருங்க சிடி போடறாங்க’ என்ற ஒரே பதிலில் விற்பனைக் கடைகள் அதைத் தள்ளிவிடுகின்றன. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தப் பதில் போதாது என்பதால் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நான் மதிப்பிடுவது, யூஎஸ்பி வயரில் இணைத்துப் பயன்படுத்தும் மெல்லிய வெளி டிவிடி ரைட்டரை. எல்ஜி, அசுஸ், டிரான்சென்ட் போன்ற நிறுவனங்களின் பெயரிலும், பெயரே அச்சிடாத பெட்டிகளிலும் இது கிடைக்கிறது. முன்பு லேப்டாப்புக்குள் இருந்த அதே வகை மெல்லிய டிரைவ்தான் இதற்குள்ளும் இருப்பதால், குறிப்பிட்ட ஒரு மாடலை எடுத்துக்கொள்ளாமல் வகையைப் பற்றியே பேசுகிறேன்.

லேப்டாப்புக்குள் டிவிடி டிரைவ் இனித் தேவையில்லை என்பதும், வீட்டிலோ எட்டும் தூரத்திலோ ஒரு வெளி டிரைவ் இன்னும் கட்டாயம் தேவை என்பதும் என் முடிவு.

உள்ளிருந்த டிரைவ் ஏன் போயிற்று என்பதற்கு அதன் உருவமே முதற்காரணம். சிடி, டிவிடித் தகட்டின் விட்டம் 120 மில்லிமீட்டர். அதைச் சுழற்றும் லேப்டாப் டிரைவ்கள் 12.7 மில்லிமீட்டர் அல்லது 9.5 மில்லிமீட்டர் தடிமனில் வந்தன. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் காகித உறைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டிய மேக்புக் ஏர் கணினியில் டிரைவ் இல்லை. 2011-இல் இன்டெல் நிறுவனம் அல்ட்ராபுக் என்ற பெயரில் மெல்லிய கணினிகளுக்கு வகுத்த வரையறையில், 13 அங்குலத் திரை கொண்டவற்றின் தடிமன் 18 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டியிருந்தது. திரை, விசைப்பலகை, மதர்போர்டு எல்லாம் சேர்ந்து 18 மில்லிமீட்டர் என்றால், அதில் பாதிக்கு மேற்பட்ட உயரத்தை ஒரு மூலையில் டிரைவுக்கு ஒதுக்க யாராலும் முடியாது. 2012-இல் வந்த விண்டோஸ் 8, டிவிடிப் படம் ஓட்டும் வசதியையே தன்னுள்ளிருந்து நீக்கிவிட்டது. டிரைவ் போனதால் கிடைத்த இடம் வீணாகவில்லை. பெரிய பேட்டரிக்கும் காற்றோட்டத்துக்கும் அது பயன்பட்டது. பங்குனி, சித்திரை வெயிலில் மின்சாரம் போய் வரும் எங்கள் பகுதியில், எப்போதாவது திறக்கும் ஒரு தட்டைவிடக் கூடுதலாக ஓடும் பேட்டரி எவ்வளவோ மேல்.

தகடுகள் மட்டும் போய்விடவில்லை. என் கடைக்கு வருவனவற்றுள் முதலிடம் ஸ்கேன் சிடிகளுக்குத்தான். எங்கள் ஊர்க்காரர்கள் வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்குப் போய் CT ஸ்கேனோ எம்ஆர்ஐயோ எடுத்துக்கொண்டு, பிறகு பாலக்காட்டிலோ திருச்சூரிலோ உள்ள மருத்துவரிடம் காட்டுவது சாதாரணமான நடைமுறை. ஃபிலிமோடு சேர்த்து ஒரு தகட்டையும் உறையில் போட்டுத் தருகிறார்கள். அங்கே இருக்கும் மருத்துவர் அதைத் தம் கணினியில் போட முடியாமல் திருப்பித் தரும்போது, ‘பென்டிரைவ்ல போட்டுக் குடுங்கண்ணா’ என்று கேட்டுக்கொண்டு நோயாளியின் மகனோ மகளோ என்னிடம் வந்து நிற்கிறார்கள்.

இந்த வேலையில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஸ்கேன் படங்கள் நாம் அறிந்த ஜேபெக் படங்களாக இருப்பதில்லை. டைகாம் என்ற மருத்துவப் பட வடிவத்தில், பெரும்பாலும் எண்களையே பெயராகக் கொண்ட நூற்றுக்கணக்கான கோப்புகளாக இருக்கின்றன. எந்தப் படம் எந்தத் தொடரைச் சேர்ந்தது என்ற அட்டவணை, தகட்டில் எந்த ஃபோல்டருக்குள்ளும் போகாமல் வெளியே இருக்கும் டைகாம்டிர் என்ற தனிக் கோப்பில் இருக்கிறது. படங்களைத் திறந்து காட்டும் சிறிய மென்பொருளும் வழக்கமாக அதே தகட்டில் இருக்கும். ஆகவே, படம் போலத் தெரியும் சில கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் மருத்துவரிடம் அவை ஒழுங்காகத் திறப்பது நிச்சயமில்லை. தகட்டில் உள்ள அனைத்தையும், மறைந்திருக்கும் கோப்புகள் உட்பட, அமைப்புக் குலையாமல் ஒரே ஃபோல்டருக்குள் நகலெடுக்க வேண்டும். நகல் முடிந்ததும் பென்டிரைவிலிருந்தே ஒருமுறை அதைத் திறந்து, வந்தவருக்குக் காட்டிவிட்டுத்தான் நான் கொடுத்தனுப்புகிறேன். ஆபரேஷன் தேதி குறித்துவிட்டு வருகிறவர்களிடம் ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல மனம் ஒப்புவதில்லை.

அடுத்து வருபவை கல்யாண டிவிடிகளும் கோயில் திருவிழாப் பதிவுகளும். எங்கள் பக்கத்து நாட்டுப்புறக் கூத்தான பொறாட்டு நாடகங்களையும் மாரியம்மன் திருவிழாக்களையும் உள்ளூர் ஸ்டுடியோக்காரர்கள் பதிவு செய்து டிவிடியாகக் கொடுத்த காலம் ஒன்று உண்டு. அவற்றுள் பலவற்றுக்கு வேறு பிரதி எங்கும் இல்லை. மோசர் பேர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்ற நாள்களில் கடைதோறும் குவிந்திருந்த சினிமாத் தகடுகள் போனாலும் அந்தப் படங்கள் வேறு வழியில் கிடைத்துவிடும். ஆனால், இறந்துபோன ஓர் ஆட்டக்கார ஆசானின் குரல் இருக்கும் ஒரே தகடு போய்விட்டால் அது போனதுதான். வழக்கறிஞர் அலுவலகங்களிலிருந்தும் தகடுகள் வருகின்றன. சிசிடிவி காட்சிகளை, ஒருமுறை எழுதினால் மாற்ற முடியாத தகட்டில் பதிந்து தாக்கல் செய்யும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் கேட்கப்படும் சான்றிதழில், கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற எண்) குறிக்க வேண்டும் என்பதால், பதிந்த தகட்டைத் திரும்பப் படித்துச் சரிபார்ப்பது முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

இனி, கருவிக்கு வருகிறேன். கையில் எடுத்தால் கனம் தெரியாது. ஏறத்தாழ 200 கிராம்தான் இருக்கும். முகப்பில் உள்ள பொத்தானை அழுத்தினால், மேசைக் கணினியின் டிரைவைப் போலத் தட்டு முழுவதும் தானாக நீண்டு வராது. ஒரு சிறு சுருள்வில் அதை விரல் நுழையும் அளவுக்கு வெளியே தள்ளும். மீதியை நாம்தான் இழுக்க வேண்டும். லென்ஸ் அந்தத் தட்டிலேயே இருப்பதால், வெளியே வந்திருக்கும் நேரத்தில் அதன் மேல் விரல் படக் கூடாது. நடுவில் இருக்கும் அச்சில் மூன்று சிறு பிடிப்புகள் தெரியும். தகட்டை அதன் மேல் வைத்து, ஒரு கையால் தட்டின் அடியைத் தாங்கிக்கொண்டு, மறு கையின் விரல்களால் நடுத்துளையைச் சுற்றி அழுத்தினால் ‘டக்’ என்று ஓர் ஓசையோடு அது உட்காரும். அந்த ஓசை கேட்காமல் தட்டை உள்ளே தள்ளினால் தகடு சாய்ந்து சுழன்று கீறல் விழும். குழந்தைகளிடம் கொடுப்பதற்கு முன் இந்த ஒன்றையாவது பழக்கிவிட வேண்டும். தகடு உள்ளே சிக்கிக்கொண்டால், வயரைப் பிடுங்கிவிட்டு முகப்பில் உள்ள ஊசித்துளைக்குள் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நுழைத்தால் தட்டு வெளியே வந்துவிடும்.

இந்த வகைக் கருவியில் நான் காணும் பெருங்குறை மின்சாரம் தொடர்பானது. தனி அடாப்டர் எதுவும் இல்லாமல், லேப்டாப்பின் யூஎஸ்பி துளையிலிருந்தே இது இயங்க வேண்டும். யூஎஸ்பி 2.0 துளை தர வேண்டிய மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3.0 துளைக்கு அது 900. நின்றிருக்கும் தகட்டைச் சுழற்றத் தொடங்கும் நொடியிலும், எழுதும் நேரத்திலும் பல டிரைவ்கள் 500-ஐத் தாண்டி இழுக்கின்றன. பழைய கணினியின் வலுவற்ற துளையிலோ, ஒரு துளையைப் பலவாக்கும், தனி மின்னிணைப்பு இல்லாத ஹப்பிலோ, நீளமான எக்ஸ்டென்ஷன் வயரிலோ மாட்டினால், டிரைவ் ‘கிர்’ என்று தொடங்கி, நின்று, மறுபடி தொடங்கி, கடைசியில் தகடே இல்லை என்று கணினி சொல்லிவிடும். டிரைவ் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்க வருகிறவர்களின் கருவியை நேரடியாக யூஎஸ்பி 3.0 துளையில் மாட்டியதும் ஒழுங்காக ஓடியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டு முனைகளைக் கொண்ட ஒய் வடிவ வயரோடு வரும் டிரைவ் என்றால், இரண்டையும் மாட்ட வேண்டும். பெட்டியோடு வரும் வயர் குட்டையாக இருப்பதால் எரிச்சல் வரலாம். ஆனால், அதை நீட்டாமல் இருப்பதே நல்லது.

வேகத்தில் எனக்குக் குறை இல்லை. சிடியின் ஒரு மடங்கு வேகம் நொடிக்கு 150 கிலோபைட். 24 மடங்கு என்று பெட்டியில் போட்டிருந்தால் உச்சத்தில் 3.6 மெகாபைட். நிறைந்த ஒரு ஸ்கேன் சிடி நான்கைந்து நிமிடத்தில் நகலாகிவிடும். டிவிடியின் 8 மடங்கு என்பது நொடிக்கு 11 மெகாபைட் அளவுதான், யூஎஸ்பி 2.0 இணைப்பே அதைத் தாங்கும். ஆகையால், ‘யூஎஸ்பி 3.0, அதிவேகம்’ என்று அச்சிட்டுக் கூடுதல் விலை சொன்னால் அந்தப் பணத்தை வேகத்துக்காகக் கொடுக்க வேண்டியதில்லை.

கீறல் விழுந்த தகடுகளைப் படிக்கும் திறன் கருவிக்குக் கருவி மாறுபடுகிறது. நல்ல டிரைவ் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பொறுமையாகப் படிக்கும். தகட்டின் எந்தப் பக்கத்தில் கீறல் என்பதும் முக்கியம். பளபளப்பான அடிப்பக்கத்தில் விழும் மெல்லிய கீறலைப் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். சிடியைப் பொறுத்தவரை, தகவல் இருக்கும் அடுக்கு மேற்பக்கத்து வண்ணப் பூச்சுக்கு நேர் அடியிலேயே இருக்கிறது. பால்பாயின்ட் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதினாலே அது சிதையக்கூடும். டிவிடியில் அந்த அடுக்கு 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பிளாஸ்டிக் வட்டுகளுக்கு நடுவில் இருப்பதால் மேற்பக்கம் அவ்வளவு மென்மையானது இல்லை. ஆனால், ஸ்டுடியோக்காரர்கள் மணமக்கள் படத்தை ஸ்டிக்கராக ஒட்டித் தரும் டிவிடிகள், ஈரத்தில் ஸ்டிக்கரின் ஓரம் எழும்பி, சுழலும்போது ஆட்டம் கொடுக்கின்றன. அந்த ஸ்டிக்கரைப் பிய்க்க முயல வேண்டாம்; ஓரத்தை மெல்ல அழுத்திவிட்டு, உடனே நகலெடுத்துவிடுங்கள்.

இங்கே அவசரம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டிலும் ஸ்டுடியோவிலும் எழுதிய டிவிடிகளில் தகவல் பதிவது கரிமச் சாயம் பூசிய ஓர் அடுக்கில். வெப்பமும் ஈரமும் வெளிச்சமும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு வரும் கோடை வெப்பத்தையும், இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தையும் மாறி மாறி வாங்கும் எங்கள் வீட்டு அலமாரிகள் இவற்றைப் பத்திரப்படுத்த ஏற்ற இடமல்ல. வெற்றுத் தகடுகளும் குறைந்து வருகின்றன. அவற்றையும் தயாரித்துவந்த மோசர் பேர் நிறுவனத்தைக் கலைத்துவிடும்படி 2018-இல் உத்தரவாயிற்று. சோனி, எழுதக்கூடிய புளூரே தகடுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியோடு நிறுத்திக்கொண்டது. நெடுநாள் காக்க வேண்டியவற்றைத் தகட்டிலேயே வைக்க விரும்புகிறவர்களுக்கு, சாயத்துக்குப் பதிலாகக் கல் போன்ற கனிமப் பொருளில் பதியும் எம்-டிஸ்க் என்ற வகை இருக்கிறது. அதில் எழுத, பெட்டியில் அந்தப் பெயர் குறிக்கப்பட்ட டிரைவ் வேண்டும். எனக்கு, இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்குகளில் ஒவ்வொரு பிரதி வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

மென்பொருளுக்கென்று செலவு இல்லை. விஎல்சி இலவசமாகக் கிடைக்கிறது. விசிடியும் டிவிடியும் அதில் ஓடும். கேரளப் பள்ளிகள் லினக்ஸையே பயன்படுத்துவதால் எங்கள் பிள்ளைகளுக்கு அது பழக்கமானது; அதிலும் இந்த டிரைவ் தனி டிரைவர் எதுவும் கேட்காமல் வேலை செய்கிறது. வெளிநாட்டில் வாங்கிய படத் தகடுகளைப் போடுகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: படத் தகடுகள் பலவும் உலகின் ஒரு மண்டலத்துக்கென்று பூட்டப்பட்டவை, டிரைவும் அதே மண்டலத்தில் இருந்தால்தான் ஓடும்; இந்தியா 5-ஆம் மண்டலம், டிரைவின் மண்டலத்தை 5 முறைக்கு மேல் மாற்ற முடியாது, கடைசியாக வைத்ததே நிலைத்துவிடும்.

உள்ளே டிரைவ் இருக்கும் பழைய லேப்டாப்பை அதற்காகவே வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு என் யோசனை வேறு. லென்ஸில் தூசி படிந்து பாதித் தகடுகளைப் படிக்காத நிலையில் அது இருந்தால், டிரைவைக் கழற்றிவிட்டு, கேடி எனப்படும் சட்டகத்தில் ஒரு எஸ்எஸ்டியை (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) பொருத்தி அந்த இடத்தில் சொருகலாம். வாங்குமுன் டிரைவின் தடிமன் 12.7-ஆ, 9.5-ஆ என்று அளந்துகொள்ள வேண்டும். கணினி வேகம் பெறும். தகடு வேலையை வெளி டிரைவ் பார்த்துக்கொள்ளும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று வாங்கியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அண்ணன் தம்பி குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். மன்றமோ வாசகசாலையோ ஒன்று வைத்திருந்தால் தெருவுக்கே போதும். வாங்கப் போகும்போது, வீட்டில் சரியாக ஓடுகிற ஒரு சிடியையும் ஒரு டிவிடியையும் உங்கள் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். பில் போடும் முன் இரண்டையும் கடையிலேயே முழுதாக ஒருமுறை நகலெடுத்துப் பாருங்கள். உங்கள் கணினியில் டைப்-சி துளை மட்டும் இருந்தால், அதற்கேற்ற முனையோடு வரும் டிரைவையே கேட்டு வாங்குங்கள்.