நிகோடின் சூயிங்கம் 2 மி.கி., 4 மி.கி.: மருந்துக் கடையில் சொல்லாமல் விடுபவை

மெடிக்கல் ஷாப்பில், சிகரெட் பழக்கத்தை நிறுத்த உதவும் நிகோடின் கம் கேட்டால் அட்டையிலிருந்து நாலைந்து துண்டுகளைக் கத்தரித்துக் கொடுப்பார்கள். பெட்டியோடு வந்த விளக்கத் தாள் கடையிலேயே தங்கிவிடும். வாங்கியவர் அதைப் பபுள்கம் போல விடாமல் மெல்வார். தொண்டை எரியும், விக்கல் எடுக்கும். "இதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று துப்பிவிட்டுத் திரும்பவும் சிகரெட்டுக்குப் போய்விடுவார். நிக்கோடெக்ஸ், நிக்கோரெட் என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் கதை இதுதான். பொருள் நல்ல பொருள். பயன்படுத்தும் விதத்தை யாரும் சொல்லித் தராததுதான் கோளாறு.

கம்முக்குள் நிகோடின் ஒரு பிசினோடு பிணைந்திருக்கிறது. மெல்லும்போது அது எச்சிலில் விடுபட்டு, கன்னத்தின் உட்புறம் வழியாக ரத்தத்தில் சேர வேண்டும். வேகமாக மென்றால் எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடும். அங்கிருந்து உறிஞ்சப்படுவதில் பெரும்பகுதியைக் கல்லீரலே சிதைத்துவிடுவதால் நெஞ்செரிச்சலும் விக்கலும்தான் மிஞ்சும். ஆகவே மெதுவாகப் பத்துப் பதினைந்து தடவை மெல்லுங்கள். நாக்கில் சுள்ளென்றோ குறுகுறுவென்றோ தெரிந்த உடனே நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்குங்கள். ஒரு நிமிடம் போல அப்படியே இருக்கட்டும். அந்த உணர்வு அடங்கியதும் மறுபடி சில தடவை மென்று, இந்த முறை மறு கன்னத்தில் ஒதுக்குங்கள். ஒரு துண்டு சுமார் 30 நிமிடம் வரும்; மென்றாலும் சுள்ளென்று வரவில்லை என்றால் தீர்ந்துவிட்டது. ஹான்ஸ், கூல் லிப் போன்ற வாய்ப்புகையிலையை ஒதுக்கிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். அதில் வியப்பில்லை. நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத மாலுமிகள் வாய்ப்புகையிலைக்கு மாறியதைப் பார்த்துத்தான் 1967-ல் ஸ்வீடனில் இந்த யோசனையே பிறந்தது.

நம் ஊரில் இதைக் கெடுப்பது டீ. நிகோடின் கன்னத்தைக் கடக்க, வாய் அமிலமில்லாமல் இருக்க வேண்டும். அதற்காகவே கம்மில் சோடியம் கார்பனேட் போன்ற உப்புகளைச் சேர்க்கிறார்கள். டீ, காபி, எலுமிச்சை ஜூஸ், கோலா, மோர், ரசம் எல்லாமே அமிலப் பக்கம்தான். இவற்றைக் குடித்த கையோடு கம் போட்டால் நிகோடின் உள்ளே ஏறாது. போட்ட துண்டு வீண். கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து, அது வாயில் இருக்கும் வரை, தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். ஆனால் சிகரெட் ஆசை உச்சத்துக்குப் போவதே டீக்கடையில்தானே? அதற்கு வழி, டீக்கடைக்குக் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே ஒரு துண்டைப் போட்டு முடித்துவிடுவது. டீ கையில் வரும் நேரத்தில் நிகோடின் ரத்தத்தில் உச்ச அளவை ஒட்டி இருக்கும்.

காபி விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. சிகரெட் புகையில் உள்ள தார்ப் பொருட்கள், கல்லீரல் காஃபினை வேகமாகக் கழிக்கும்படி தூண்டுகின்றன. நிகோடின் அதைச் செய்வதில்லை. புகைப்பதை நிறுத்தியதும் அதே இரண்டு டம்ளர் காபி உடம்பில் நெடுநேரம் நிற்கும். கை நடுக்கம், தூக்கமின்மை, படபடப்பு வந்தால் கம்மின் மேல் பழி போடுவதற்கு முன் காபியைப் பாதியாக்கிப் பாருங்கள். இதே காரணத்தால், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், மனநோய்க்கான க்ளோசபின், ஓலன்சபின் மாத்திரை எடுப்பவர்கள் புகைப்பதை நிறுத்தப்போவதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அளவை மாற்ற வேண்டி வரலாம்.

எந்த அளவு வாங்குவது? காலையில் எழுந்து 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்ற வைப்பவருக்கு 4 மி.கி., மற்றவர்களுக்கு 2 மி.கி. இந்தியாவில் 2 மி.கி. சீட்டில்லாமல் கிடைக்கும், 4 மி.கி.க்கு மருத்துவர் சீட்டு வேண்டும். சீட்டுக்கு அலைய மனமில்லாமல் பலர் 2 மி.கி.யிலேயே நின்றுவிடுகிறார்கள். அதிலும் நாளுக்கு இரண்டு, மூன்றுதான் போடுகிறார்கள். அது போதவே போதாது. முதல் 6 வாரம் 1–2 மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்குக் குறைந்தது 9. 7 முதல் 9-ம் வாரம் வரை 2–4 மணி நேரத்துக்கு ஒன்று. 10 முதல் 12 வரை 4–8 மணி நேரத்துக்கு ஒன்று. நாளுக்கு 24-ஐத் தாண்டக் கூடாது. ஆசை வரட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. சிகரெட் நிகோடினைச் சில நொடிகளில் மூளைக்குக் கொண்டுபோகும். கம்முக்கு 20–30 நிமிடம் ஆகும். அந்தப் பந்தயத்தில் கம் ஜெயிக்காது. கடுமையான பழக்கம் உள்ளவர்கள் மருத்துவரிடம் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை (பேட்ச்) பற்றிக் கேட்கலாம். பட்டையும் கம்மும் சேர்ந்தால் தனித்தனியாக எடுப்பதை விட வெற்றி கூடுகிறது.

சுவையில் புதினா நல்லது. வெற்றிலை, குட்கா பழக்கத்திலிருந்து வெளியே வருபவர் பான் சுவையைத் தவிர்ப்பது மேல். நாக்கு பழைய இடத்தையே தேடும். பாக்கை மட்டும் தனியே மெல்லலாம் என்றும் நினைக்காதீர்கள், பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான்.

பல்செட் போட்டவருக்கும் தாடை மூட்டில் வலி உள்ளவருக்கும் கம் சரிப்படாது. அவர்களுக்கு வாயில் வைத்துச் சப்பும் நிகோடின் மாத்திரையோ பட்டையோ வசதி. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மென்று முடித்த துண்டிலும் நிகோடின் மிச்சம் இருக்கும். காகிதத்தில் சுற்றி, குழந்தைகள் கை எட்டாத இடத்தில் போடுங்கள்.

விலையைப் பார்த்தால், சிகரெட் பிடிப்பவருக்குக் கையைக் கடிக்காது. பீடிக்காரருக்குத்தான் கனக்கும், ஒரு நாள் பீடிச் செலவை விட ஒரு நாள் கம் செலவு அதிகம். அவர்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் புகையிலை நிறுத்த மையத்தில் கம் கிடைக்குமா என்று முதலில் கேட்டுப் பார்க்கட்டும். புகையிலைப் பொட்டலங்களில் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற தேசிய ஆலோசனை உதவி எண்ணுக்குக் கட்டணம் இல்லை. கம்மோடு சேர்த்து அந்த ஆலோசனையையும் எடுத்துக்கொள்பவர்கள் விட்டுவிடும் வாய்ப்பு அதிகம்.