காட்பாடி கிரிக்கெட் பயிற்சி மையத்தின் ஞாயிறு வகுப்பு: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

வேலூர் சுற்றுவட்டாரத்தில் கிரிக்கெட் கற்றுத்தரும் மையங்களுக்குக் குறைவில்லை. வலைப்பயிற்சி, பந்து வீசும் இயந்திரம், கோடை விடுமுறைச் சேர்க்கை எல்லாம் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். காட்பாடியில் உள்ள இந்த மையத்தில் என் மகனைச் சேர்த்ததற்குக் காரணம், ஞாயிறு காலைப் பயிற்சி முடிந்ததும் அங்கே நடக்கும் ஒரு மணி நேர வகுப்பு. புகழின் உச்சியில் இருந்த வீரர்கள் களத்துக்கு வெளியே செய்த செயல்களால் எப்படி வீழ்ந்தார்கள் என்பதைப் பெயரோடும் ஆண்டோடும் எடுத்துச் சொல்லும் வகுப்பு அது. இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. பெற்றோரும் பின்வரிசையில் உட்காரலாம்.

ஒழுக்கமாக இரு என்னும் அறிவுரையைப் பிள்ளைகள் பள்ளியிலேயே அலுக்கும் அளவுக்குக் கேட்டுவிடுகிறார்கள். இங்கே அறிவுரை குறைவு, விவரம் அதிகம். 2010 ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்டில் பாகிஸ்தான் வீரர்கள் பணத்துக்காகப் பேசிவைத்தபடி நோ-பால் வீசிய வழக்கை ஒரு முழு வகுப்புக்கு எடுத்துக்கொண்டார் பயிற்சியாளர். கேப்டன் சல்மான் பட்டுக்கு 30 மாதம், முகமது ஆசிஃபுக்கு ஓராண்டு, முகமது அமீருக்கு 6 மாதம் என, 2011 நவம்பரில் லண்டன் நீதிமன்றம் விதித்த சிறைத்தண்டனைகளைப் பலகையில் எழுதியவர், அமீரின் பெயருக்குப் பக்கத்தில் 18 என்று எழுதி வட்டமிட்டார். அது குற்றம் நடந்தபோது அமீருக்கு இருந்த வயது. பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பலருக்கும் கிட்டத்தட்ட அதே வயது என்பதால், தகரக் கூரைக்குக் கீழே அந்த வெக்கையிலும் ஒருவரும் அசையவில்லை. பணம் கைமாறியது மைதானத்தில் அல்ல, ஓட்டல் அறையில். அதை வாங்கியவர் வீரர்களின் முகவர். அந்த இளைஞனை வழிநடத்தியிருக்க வேண்டிய கேப்டனே அதில் பங்காளி. இம்மூன்றையும் அவர் அழுத்திச் சொன்னது சரியான முறை.

அதற்கடுத்த வகுப்பில் பேசப்பட்ட வங்கதேச வீரர் ஷாகிப் அல் ஹசனின் கதைதான் மாணவர்களுக்கு மிகவும் பயன்பட்டது என்பது என் கருத்து. ஆட்டத்தை விற்றதாக அவர்மீது குற்றச்சாட்டே இல்லை. சூதாட்டத் தரகர் தன்னை அணுகியதை சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் (ஐசிசி) ஊழல் தடுப்புப் பிரிவுக்குத் தெரிவிக்காமல் விட்டதற்காக மட்டுமே 2019 அக்டோபரில் அவருக்கு இரண்டாண்டுத் தடை விதிக்கப்பட்டது. அதில் ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்டது. இதைக் கேட்ட ஒரு மாணவன் எழுந்து, "சார், டோர்னமெண்ட்ல நல்லா ஆடுனதுக்கு யாராவது ஷூ வாங்கிக் குடுத்தா, அதுவும் தப்பா?" என்று கேட்டான். "தப்பில்லடா. யார் குடுத்தாங்க, எதுக்குக் குடுத்தாங்கன்னு அன்னிக்கே வீட்லயும் எங்கிட்டயும் சொல்லிடணும். சொல்ல முடியாத பொருளா இருந்தா வாங்காத," என்றார் அவர். பணம் கட்டி ஆடும் டென்னிஸ் பந்துப் போட்டிகள் நடக்கிற நம் பகுதியில், இதைவிடத் தேவையான பதில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நம்மவர் என்பதற்காக எதையும் மறைக்காததையும் பாராட்ட வேண்டும். அணி நிர்வாகத்தைச் சேர்ந்தவரின் சூதாட்டத் தொடர்பால் சென்னை சூப்பர் கிங்ஸ் 2016, 2017 ஆகிய இரு பருவங்கள் ஆட முடியாமல் போனதை, மஞ்சள் ஜெர்சி அணிந்து வந்திருந்த பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே விளக்கினார். ஐபிஎல் சூதாட்டப் புகாரில் சிக்கிய பந்துவீச்சாளர் ஸ்ரீசாந்தின் விவகாரத்தில் 2015இல் டெல்லி நீதிமன்றம் வழக்கிலிருந்து அவரை விடுவித்த பிறகும் இந்திய கிரிக்கெட் வாரியத்தின் தடை ஏன் நீடித்தது, 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அது எப்படி ஏழாண்டாகக் குறைந்தது என்பதையும் பொறுமையாகப் பிரித்துக் காட்டினார்.

அவ்வளவு கவனமானவர், மல்யுத்த வீரர் சுஷில் குமாரைப் பற்றிப் பேசும்போது தடுமாறியது வருத்தமளித்தது. 2008 பெய்ஜிங்கிலும் 2012 லண்டனிலும் ஒலிம்பிக் பதக்கம் வென்ற அவர், 2021 மே மாதத்தில் கொலை வழக்கில் கைதானார். வகுப்பு நடந்த அன்று அவ்வழக்கில் தீர்ப்பு வந்திருக்கவில்லை. ஆனால் குற்றம் உறுதியானதுபோலவே பேசப்பட்டது. கைது வேறு, தீர்ப்பு வேறு என்பதைப் பிள்ளைகள் இந்த வயதிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊக்கமருந்து பற்றி ஒரு வகுப்புகூட இல்லை. சத்துவாச்சாரியில் இருந்து புறப்பட்ட பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்றதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளின் பையில் என்ன பவுடர் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இருமல் மருந்தில் இருந்த தடைசெய்யப்பட்ட பொருளால் 2019இல் கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷாவுக்கு எட்டு மாதத் தடை கிடைத்ததை மட்டும் சொன்னாலே போதும்.

இதைவிடப் பெரிய குறை, பெண்களிடம் நடந்துகொள்ளும் விதம் பற்றி இதுவரை ஒரு சொல்லும் பேசப்படாதது. தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பெண்களைப் பற்றித் தரக்குறைவாகப் பேசியதற்காக 2019 ஜனவரியில் ஹர்திக் பாண்டியாவும் கே.எல். ராகுலும் இடைநீக்கம் செய்யப்பட்டு ஆஸ்திரேலியாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிறகு தலைக்கு 20 லட்சம் ரூபாய் அபராதமும் கட்டினார்கள். பணத்தாசையை விடப் பல வீடுகளில் எளிதாக மன்னிக்கப்படும் தவறு இது என்பதாலேயே இதற்குத் தனி வகுப்பு வேண்டும். பெண் பிள்ளைகளும் அதே வலைகளில் பயிற்சி பெறுகிறார்கள். இதைப் பயிற்சியாளரிடம் நேரில் சொன்னபோது, அடுத்த சேர்க்கையிலிருந்து சேர்ப்பதாக ஒப்புக்கொண்டார். சேர்த்துவிட்டால் என் தம்பி மகளையும் அங்கேயே அனுப்புவேன்.