அரையணாவுக்குப் பெருங்காயம்: ஒரு பழைய சமையல் புத்தகத்தோடு ஏழு ஆண்டுகள்

நாகர்கோவில் வடசேரியில், நடைபாதையில் விரித்திருந்த பழைய புத்தகக் குவியலிலிருந்து, அட்டையும் முதல் சில பக்கங்களும் இல்லாத ஒரு சமையல் புத்தகத்தை 2018இல் 30 ரூபாய்க்கு வாங்கினேன். பலம், ரூபாய் எடை, ஆழாக்கு என்றே அளவுகள் வருவதாலும் கிராம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லாததாலும், 1960களின் தொடக்கத்தில் மெட்ரிக் அளவுகள் கட்டாயமாவதற்கு முன்பு அச்சானதாக இருக்க வேண்டும்.

பலம் என்றால் ஏறத்தாழ 35 கிராம், ரூபாய் எடை என்றால் 11.66 கிராம் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்ட பிறகு பாதித் தொல்லை தீர்ந்தது. ஆனால் 'அரையணாவுக்குப் பெருங்காயம்' என்பதற்கு எந்த வாய்ப்பாடும் உதவாது. அந்தக் காசுக்குக் கடைக்காரர் எவ்வளவு மடித்துக் கொடுப்பார் என்பது எழுதியவருக்கும் படித்தவருக்கும் தெரிந்திருந்த காலத்தின் அளவு அது. ஐந்தாறு முறை சாம்பாரைக் கசக்கவிட்ட பின், சுண்டைக்காய் அளவு என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

மிளகுக் குழம்புக்கு 'மிளகு ரூபாய் எடை 2' என்றிருந்ததை நான் வாசித்துச் சொல்ல, விளவங்கோட்டுக்காரரான என் மாமியார் 23 கிராம் வத்தல் மிளகாயை அரைத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் மிளகு என்றால் மிளகாய், மற்றது நல்லமிளகு. "நல்லமிளகுன்னு சொல்லியிருக்கலாம்லா மக்கா?" என்று அவர் கேட்டது புத்தகத்தையா என்னையா என்று இன்றுவரை விளங்கவில்லை. அன்று எல்லோரும் மோர் ஊற்றித்தான் சாப்பிட்டோம்.

அதிகம் பயன்பட்டது ஆப்பக் குறிப்பு. மாவு பொங்கப் புளித்த கள் ஆழாக்கு ஊற்றச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கும் அக்கானியோ (பதநீர்) புளிக்காது. தேங்காய்த் தண்ணீரில் சிறிது சர்க்கரை போட்டு ஓர் இரவு புளிக்கவைத்துச் சேர்க்கிறேன். ஓரம் முறுகலாகவே வருகிறது, கள்ளின் மணம் மட்டும் இல்லை.

ஆண்டுக்கு இருமுறை பருவமழை பெய்யும் மாவட்டத்தில் இந்தத் தாளைக் காப்பது தனி வேலை. வேப்பிலையோடு தகர டப்பாவில் வைத்திருக்கிறேன். அடுக்களைக்குக் கைபேசியில் எடுத்த படம்தான் போகும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'முட்டையில்லாத முட்டைக் குழம்பு'. வேகவைத்த கடலைப்பருப்பை மஞ்சள் சேர்த்து உருட்டி, மசித்த உருளைக்கிழங்கால் மூடி, முட்டை வடிவில் பிடித்துக் குழம்பில் இட வேண்டும். முட்டை மலிந்து கிடக்கும் ஊரில் ஒரு மணி நேரத்தை விழுங்கும் வேலை இது. முன்பு இந்தப் புத்தகத்தை வைத்திருந்த யாரோ அதன் பக்கத்தில் நீல மையால் 'வேண்டாம்' என்று எழுதியிருக்கிறார். இரண்டு முறை எனக்கும் கரைந்து கூழானது. மூன்றாம் முறை அரிசிமாவில் புரட்டிப் பொரித்து, அடுப்பை அணைத்த பிறகு போட்டேன், உடையவில்லை. அந்த 'வேண்டாம்' என்பதற்குக் கீழே இதைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.